மோடமாகும் கைப்பேசி

பள்ளிகளில் நாள்தோறும் வழங்கும் சொற்களுள் ஒன்று ‘மோடம்’. மாடுலேட்டர், டிமாடுலேட்டர் என்னும் இரண்டு ஆங்கிலச் சொற்களின் முற்பகுதிகளை ஒட்டிப் பிறந்த கூட்டுச்சொல் இது. அலையின்மீது செய்தியை ஏற்றுவது முன்னது. ஏறிவந்த செய்தியை இறக்குவது பின்னது. இவ்விரண்டையும் ஒருங்கே செய்யும் கருவி மோடம் எனப்படும். இப்பொருள் விளங்கினால் ஓர் உண்மை தானே புலப்படும். கைப்பேசியைப் புதிதாக மோடம் ஆக்க வேண்டுவதில்லை. அது பிறவியிலேயே மோடந்தான். கோபுரத்தினின்று வரும் அலையை இறக்கித் தன் திரைக்கு அளிக்கும் அக்கருவி, பக்கத்திலிருக்கும் மடிக்கணினிக்கும் அதனை அளிக்க வல்லது. அளிப்பதற்குத் தடை உண்டாயின், அது பொறியின் இயல்பால் வந்த தடையன்று. மனிதர் இட்ட தடை.

நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களுக்கு இவ்வுண்மை நூலறிவாக வரவில்லை, நெருக்கடியில் வந்தது. 2020 மார்ச்சு 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. பள்ளிகள் மூடப்பட்டன, வகுப்பறை வீட்டுக்குள் புகுந்தது. பின்னர் ‘இல்லிருப்புக் கற்றல் கற்பித்தல்’ எனப் பெயர் பெற்ற முறை அது. செம்பனைக்கும் பால்மரத்துக்கும் இடையே, கம்பிவழி இணையம் எட்டாத குடியிருப்புகளுக்குக் கோபுரத்து அலையே துணை. அவ்வாண்டு கல்வியமைச்சு பெற்றோரிடம் நடத்திய கணக்கெடுப்பில், மாணவருள் 36.9 விழுக்காட்டினரிடம் கருவி எதுவுமே இல்லை எனத் தெரியவந்தது. திறன்பேசி உடையோர் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர். மடிக்கணினி உடையோர் 9 விழுக்காட்டினரே.

2020 ஏப்ரல் 1 முதல் தொலைபேசி நிறுவனங்கள் நாளொன்றுக்கு ஒரு ஜிகாபைட் தரவை இலவசமாக வழங்கின. காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை அது செல்லும். நல்லெண்ணத்தில் எழுந்த ஏற்பாடுதான். ஆனால், வீட்டுக்கு ஒரே கைப்பேசி. தந்தை வேலைக்குப் புறப்படும்போது அதுவும் உடன் புறப்படும். அவர் திரும்பிக் குளித்து உண்டு முடித்த பின்னரே பிள்ளையின் கைக்கு வரும். நேரங்குறித்துத் தரப்பட்ட தரவு எத்தனை தோட்ட வீடுகளில் பயனின்றிக் கழிந்திருக்கும் என்பதைக் கணக்கெடுப்பார் இல்லை.

கைப்பேசியின் சிறு திரையில் கட்டுரை எழுதுதல் அரிது. ஆகவே இரவலாகவோ பழையதாகவோ ஒரு மடிக்கணினி கிடைத்த வீடுகள் கைப்பேசியை அதனோடு இணைத்தன. கம்பியால் இணைக்கலாம்; புளூடூத்தால் இணைக்கலாம்; ‘ஹாட்ஸ்பாட்’ என்று பிள்ளைகள் கூறும் வைஃபை வழியாலும் இணைக்கலாம். மூன்றனுள் கம்பியே சிறந்தது. கைப்பேசியின் மின்கலம் வற்றாது. மடிக்கணினியினின்றே அது மின்சாரம் பெற்றுக்கொள்ளும். மற்றொன்றும் ஆசிரியர் அறிந்திருத்தல் நலம். விண்டோஸ் கணினி, இணையம் கிடைத்தவுடன் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளத் தொடங்கும். மாணவன் பாடம் படிக்குமுன் தரவு முழுவதும் தீர்ந்துவிடும். அவ்விணைப்பு ‘அளந்து செலவிடப்படுவது’ என்று அமைப்புப் பக்கத்தில் குறித்துவிட்டால் இவ்விரயம் பெரிதும் குறையும்.

இனி, மனிதர் இட்ட தடைக்கு வருவோம். ஆப்பிள் நிறுவனத்தின் செயலிக் கடை 2008 சூலை 10ஆம் நாள் திறக்கப்பட்டது. சில கிழமைகளுக்குள் ‘நெட்ஷேர்’ என்னும் செயலி அங்கு விற்பனைக்கு வந்தது. ஐபோனை மோடமாகப் பயன்படுத்த உதவிய அச்செயலியின் விலை 9.99 டாலர். கடையினின்று அது நீக்கப்பட்டது, மீண்டும் தோன்றியது, பின் அடியோடு மறைந்தது. கடைக்காரர் ஒருவரே, வேறு கடைக்குச் செல்லவும் வழியில்லை. 2010இல் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவன் கைவிளக்குச் செயலி ஒன்றை அக்கடைக்கு அனுப்பினான். திரையில் வண்ண ஒளி காட்டும் எளிய பொருள் எனக் கருதி அதனை ஏற்றனர். உள்ளேயோ, குறித்த முறைப்படி தொட்டால் கணினிக்கு இணையம் பகிரும் வசதி ஒளிந்திருந்தது! செய்தி பரவியவுடன் அதுவும் நீக்கப்பட்டது.

ஆண்டிராய்டு கடையிலும் இந்நிலை இருந்தது. அமெரிக்காவில் வெரைசன் நிறுவனம், மோடச் செயலிகளைத் தன் வாடிக்கையாளர் கண்ணுக்குத் தெரியாமல் மறைக்குமாறு கடையாரைக் கேட்டுக்கொண்டது. அதே வசதிக்குத் திங்களுக்கு 20 டாலர் தனிக்கட்டணம் அந்நிறுவனம் பெற்றுவந்தது என்பது ஈண்டு நோக்கத்தக்கது. ஆனால் 2008இல் அரசிடம் அது ஏலத்தில் எடுத்த அலைவரிசைக்கு ஒரு நிபந்தனை இருந்தது: வாடிக்கையாளர் விரும்பும் கருவியையும் செயலியையும் தடுத்தல் கூடாது. அந்நாட்டுத் தகவல் தொடர்பு ஆணையம் ஆராய்ந்தது. 2012 சூலையில் வெரைசன் 12.5 இலட்சம் டாலர் செலுத்தி வழக்கை முடித்துக்கொண்டது.

இன்று பகிரும் வசதி கைப்பேசியிலேயே அமைந்துள்ளமையால் செயலியைத் தேட வேண்டுவதில்லை. எனினும் பகிர்வதை நிறுவனம் கண்டறிய இயலும். எவ்வாறு? ஒவ்வொரு தகவற்பொட்டலமும் ஓர் எண்ணைத் தாங்கிப் புறப்படுகின்றது. இடைவழியில் ஒரு வாயிலைக் கடக்குந்தோறும் அவ்வெண்ணில் ஒன்று குறையும். பொட்டலம் வழிதவறி முடிவின்றிச் சுற்றாதிருக்க வகுத்த ஏற்பாடு அது. கைப்பேசி தானே அனுப்புவது பெரும்பாலும் 64 என்னும் எண்ணோடு புறப்படும். விண்டோஸ் மடிக்கணினி அனுப்புவதோ 128இல் புறப்பட்டு, கைப்பேசியைக் கடக்கையில் 127 ஆகும். கோபுரத்துக்கு 127 வந்து சேர்ந்தால், பின்னால் ஒரு கணினி இருக்கின்றது என்பதை ஊகிப்பது கடினமா?

நிறுவனத்தாரின் பக்கத்தையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். ஒரு கோபுரத்தின் ஆற்றலைப் பலர் பங்கிட்டுக் கொள்கின்றனர். மடிக்கணினி கைப்பேசியினும் மிகுதியாக உறிஞ்சும். ‘அளவற்றது’ என்று விற்ற திட்டத்தில் பகிர்வுக்கு மட்டும் ஓர் அளவு வைப்பதற்கு இது காரணமாகலாம். அப்படியாயின் ‘அளவற்றது’ என்று விளம்பரம் செய்தல் முறையன்று. அளந்து விற்ற தரவுக்கோ இக்காரணமும் பொருந்தாது. பத்து ஜிகாபைட்டுக்குப் பணம் கொடுத்தவர் அதனைக் கைப்பேசியில் செலவிட்டால் என்ன, கணினியில் செலவிட்டால் என்ன? குழாய்த் தண்ணீருக்குக் காசு கட்டியவனிடம், குடத்தில் பிடித்தால் ஒரு விலை, வாளியில் பிடித்தால் வேறு விலை என்று எவரும் கேட்பதில்லை.

மலேசியாவில் விற்கப்படும் திட்டங்களுள்ளும் பகிர்வுக்குத் தனி வரம்பு உடையவை உண்டு. முன்பணச் சிம் அட்டை வாங்கும் பெற்றோர் பெரும்பாலும் மொத்த அளவை மட்டுமே கேட்கின்றனர். ஹாட்ஸ்பாட்டுக்கு எவ்வளவு என்று கேட்பதில்லை. 2021 இறுதியில் 3ஜி அலை நாட்டில் நிறுத்தப்பட்டமையால், 3ஜி மட்டுமே அறிந்த பழைய மோடக் குச்சிகள் பயனற்றுப்போயின என்பதையும் அவர்களுக்குச் சொல்லிவைத்தல் நலம். இரவலுக்கு வரும் பழங்கருவிகளில் அவை இன்னும் கிடக்கக்கூடும். சில கைப்பேசிகளில் பகிரும் பொத்தானே காணப்படாது. கருவி பழுது என்று எண்ணி அதனைக் கடைக்கு எடுத்துச் செல்வாரும் உளர். அயல்வீட்டாரின் சிம் அட்டையைச் சற்று நேரம் அதில் இட்டுப் பார்த்தல் வேண்டும். பொத்தான் தோன்றிவிட்டால், குறை கருவியில் இல்லை. வாங்கிய திட்டத்தில் இருக்கின்றது.