செரங்கெட்டியில் புல்லின் கதை

'சஃபாரி' என்ற சொல்லைக் கேட்டால் நம்மில் நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது அரைக்கைச் சட்டையும் அதே துணியில் தைத்த பேண்ட்டும்தான். எண்பதுகளில் சஃபாரி சூட் இல்லாத அலுவலகம் உண்டா! அந்தச் சொல் கிழக்கு ஆப்பிரிக்காவின் சுவாஹிலி மொழிச் சொல். பொருள் 'பயணம்', அவ்வளவுதான். வேர் அரபு மொழியின் 'சஃபர்'. குஜராத்தில் வாழும் நமக்கு இது தினமும் காதில் விழும் சொல். இங்கே 'காடி' என்பது அங்கே 'காரி'. 'துகான்' அங்கே 'டுக்கா'. சப்பாத்தியும் சாயும் அப்படியே சப்பாத்தி, சாய்! நூறாண்டுகளுக்கும் மேலாக குஜராத்திகள் அங்கே கடை வைத்து வாழ்ந்ததன் அடையாளங்கள் இவை.

பிப்ரவரி மாதம் ஒன்றில் குடும்பத்தோடு டான்சானியா சென்று வந்தேன். திரும்பியதிலிருந்து சங்க அன்பர்கள் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "எத்தனை சிங்கம் பார்த்தீங்க?" பதினொன்று பார்த்தோம். ஆனால் சிங்கம் பார்ப்பதுதான் நோக்கம் என்றால் அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. நம் குஜராத்திலேயே 2025 கணக்கெடுப்பில் 891 சிங்கங்கள் இருக்கின்றன. செரங்கெட்டியில் பார்க்க வேண்டியது வேறு. அது காலுக்குக் கீழேயே இருக்கிறது. புல்! அந்தப் புல்லின் கதை புரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எரிமலை போட்ட உரம்

செரங்கெட்டி தேசியப் பூங்கா 1951இல் அமைந்தது. பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். அதாவது கிர் சரணாலயத்தைப் போல் பத்து மடங்கு. தென்கிழக்கே கோரங்கோரோ பாதுகாப்புப் பகுதி. வடக்கே எல்லை தாண்டினால் கென்யாவின் மாசாய் மாரா. வரைபடத்தில் மூன்று பெயர்கள், இரண்டு நாடுகள். விலங்குகளுக்கு எல்லாம் ஒரே மேய்ச்சல் நிலம். 'செரங்கெட்டி' என்பது மாசாய் மக்களின் சொல்லிலிருந்து வந்த பெயர். முடிவில்லாமல் விரியும் சமவெளி என்று பொருள்.

தென்பகுதிச் சமவெளியில் நின்றால் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு மரம் இருக்காது. புல்லும் கணுக்கால் அளவுதான். எங்கள் வீட்டுப் பையன், "என்னப்பா இது, கிரிக்கெட் மைதானம் மாதிரி இருக்கு?" என்றான். நல்ல கேள்வி. காரணம் கிழக்கே இருக்கும் எரிமலைகள். அவற்றுள் ஓல் டொய்ன்யோ லெங்காய் இன்னும் அடங்காத மலை. மாசாய் மொழியில் 'கடவுளின் மலை'. இம்மலைகள் கக்கிய சாம்பலைக் காற்று மேற்கே கொண்டுவந்து கொட்டியது. மழைநீரில் கரைந்த சுண்ணாம்பு அடியில் இறங்கி, காலப்போக்கில் சிமெண்ட் தளம் போல இறுகிவிட்டது. மரத்தின் வேர் அதைத் துளைத்து இறங்க முடியாது. மேலே இருக்கும் மெல்லிய மண்ணிலோ கால்சியமும் பாஸ்பரசும் ஏராளம். ஆகவே மரம் வராது. ஆனால் முளைக்கும் புல் சத்து மிகுந்தது. பால் கொடுக்கும் தாய்க்கு இதைவிட நல்ல தீவனம் கிடையாது.

மழைக்குப் பின்னே போகும் மந்தை

இந்த நிலத்தின் நாயகன் சிங்கம் இல்லை; வில்டபீஸ்ட். பார்க்க மாடு மாதிரி இருந்தாலும் மான் இனங்களோடு நெருங்கிய உறவுடையது. தாடி, ஒல்லிக்கால், சரிந்த முதுகு... படைத்தவர் மீந்துபோன உறுப்புகளை வைத்து இதைச் செய்தார் என்று அங்கே வேடிக்கையாகச் சொல்வார்கள். இவை சுமார் 13 லட்சம். கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரைகளும் சிறு மான்களும்.

டிசம்பர் முதல் மார்ச் வரை மழை பெய்யும் தென் சமவெளியில் இவை இருக்கும். பிப்ரவரியை ஒட்டிய சில வாரங்களுக்குள் பெரும்பாலான குட்டிகள் பிறந்துவிடும். பிறந்த குட்டி பத்து நிமிடத்துக்குள் எழுந்து நின்றுவிடுகிறது. இதைக் கண்ணால் பார்த்தோம். எல்லாம் ஒரே நேரத்தில் பிறப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது. சிங்கமும் கழுதைப்புலியும் எவ்வளவுதான் தின்னும்? வயிறு நிறைந்த பிறகும் மிஞ்சும் குட்டிகள்தான் அடுத்த தலைமுறை.

மே மாதம் மழை நின்றதும் அந்தச் சமவெளி காய்ந்துவிடும். குடிக்கத் தண்ணீரும் இருக்காது. மந்தை மேற்காகவும் வடக்காகவும் நகர்கிறது. ஜூலை முதல் அக்டோபர் வரை ஆண்டு முழுதும் ஓடும் மாரா ஆற்றங்கரை. முதலைகள் காத்திருக்கும் அந்த ஆற்றைக் கடக்கும் காட்சியைத்தான் தொலைக்காட்சியில் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். ஆண்டுக்குச் சராசரியாக 6,000க்கும் மேற்பட்டவை அதில் மூழ்கி இறக்கின்றன. அதுவும் வீண்போவதில்லை. மீனுக்கும் கழுகுக்கும் உணவாகி, எலும்புகள் ஆற்றின் அடியில் பல ஆண்டுகள் மெல்லக் கரைந்து உரமாகின்றன. நவம்பரில் தெற்கே மழை தொடங்கியதும் மந்தை திரும்பிவிடும்.

மேய்ச்சலிலும் ஒரு பந்தி முறை உண்டு. உயர்ந்த புல்லின் முரட்டுத் தண்டை வரிக்குதிரை முதலில் தின்கிறது. அடியில் தெரியும் இலைகளை வில்டபீஸ்ட் மேய்கிறது. அதன்பின் துளிர்க்கும் குருத்து சிறு மான்களுக்கு. ஒருவர் இலையில் மற்றவர் கைவைப்பதில்லை!

வெக்கை நோய் சொன்ன பாடம்

1890களில் கிழக்கு ஆப்பிரிக்காவில் வெக்கை நோய் பரவியது. நம் ஊர் விவசாயக் குடும்பங்களில் பெரியவர்கள் இந்தப் பெயரைக் கேட்டாலே பதறுவார்கள். மாசாய் மக்களின் மாடுகள் பெரும்பாலும் மடிந்தன. பஞ்சத்தில் மக்களும் மடிந்தார்கள். வில்டபீஸ்டும் இதே நோயில் செத்தது. அதன்பிறகு வந்த ஐரோப்பியர்கள் பலர் ஆளில்லாத நிலத்தைப் பார்த்து 'மனிதன் கால் படாத காடு' என்று எழுதினார்கள். உண்மையில் அது சாவு வீடு.

இந்த நோயை எதிர்த்த போரில் நம் நாட்டுக்கும் பங்குண்டு. இமயமலை அடிவாரத்து முக்தேஸ்வர் ஆய்வுக்கூடத்தில் 1920களில் ஆட்டின் உடலில் வளர்த்து வீரியம் குறைத்த தடுப்பூசி உருவானது. பின்னர் கென்யாவில் வால்டர் பிளவ்ரைட் இன்னும் பாதுகாப்பான தடுப்பூசியைக் கண்டுபிடித்தார். 2011இல் உலகை விட்டே இந்நோய் ஒழிந்ததாக அறிவிக்கப்பட்டது.

செரங்கெட்டியில் நடந்ததைக் கவனியுங்கள். ஊசி போட்டது சுற்றுவட்டாரத்து மாடுகளுக்கு. காட்டு விலங்குக்கு ஒரு ஊசிகூடப் போடவில்லை. அறுபதுகளின் தொடக்கத்தில் நோய் மறைந்ததும், இரண்டரை லட்சமாக இருந்த வில்டபீஸ்ட் 1970களின் இறுதிக்குள் 13 லட்சமாகப் பெருகியது. மந்தை பெருகியதால் புல் குறைந்தது. புல் குறைந்ததால் காட்டுத்தீ குறைந்தது. தீ குறைந்ததால் வடபகுதியில் மரக்கன்றுகள் பிழைத்து மரங்களாயின. மாட்டுக்குப் போட்ட ஊசியில் மரம் வளர்ந்தது என்றால் நம்புவீர்களா? ஊரையும் காட்டையும் வேலி போட்டுப் பிரித்துவிடலாம் என்று நினைப்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

மாசாய் மக்கள்

பயணத் துண்டுப் பிரசுரங்களில் சிவப்புப் போர்வையோடு நிற்கும் மாசாய் மக்கள், அந்த நிலத்தில் மாடு மேய்த்து வாழ்ந்தவர்கள். வில்டபீஸ்ட் குட்டிகளிடமிருந்து மாடுகளுக்கு ஒரு கொடிய காய்ச்சல் தொற்றும். அதனால் குட்டி போடும் காலத்தில் நல்ல புல் இருந்தும், மாசாய்கள் மாடுகளை அங்கிருந்து ஓட்டிச் சென்றுவிடுவார்கள். இப்படி முறைவைத்துப் பகிர்ந்து வாழ்ந்த இடம் அது.

1959இல் செரங்கெட்டிப் பூங்காவிலிருந்து அவர்கள் வெளியேற்றப்பட்டு, கோரங்கோரோவில் விலங்குகளோடு சேர்ந்து வாழலாம் என்ற ஏற்பாடு செய்யப்பட்டது. இப்போது அங்கும் சிக்கல். மக்களும் மாடுகளும் பெருகிவிட்டன, நிலம் தாங்காது என்பது அரசின் வாதம். 2022 முதல் பல குடும்பங்கள் கிழக்கே நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தள்ளியிருக்கும் ம்சோமெரா என்ற ஊருக்கு மாற்றப்பட்டன. அதே ஆண்டு ஜூனில் அருகிலுள்ள லோலியோண்டோவில் 1,500 சதுர கிலோமீட்டரை எல்லைக்கல் நட்டுப் பிரித்தபோது மோதல் மூண்டது. "எங்களை அனுப்பிவிட்டு விடுதி கட்டுகிறார்கள்" என்பது மாசாய்களின் குறை. கிர் காட்டிலிருந்து எழுபதுகளில் மால்தாரிக் குடும்பங்களை வெளியேற்றிய கதை இங்கே பலருக்குத் தெரியும். கிட்டத்தட்ட அதே கதைதான்.

நுழைவுக் கட்டணமாக நாம் கொடுக்கும் டாலர் பூங்காவைக் காப்பாற்றுகிறது என்பது உண்மை. அந்த டாலருக்காகத்தான் மக்களை நகர்த்துகிறார்கள் என்ற குற்றச்சாட்டும் அங்கே இருக்கிறது. போகிறவர்கள் இரண்டையும் தெரிந்துகொண்டு போக வேண்டும் என்பது என் எண்ணம். மாசாய் கிராமத்துக்கு நிலவாடகை தரும் முகாம்கள் உண்டு. முன்பதிவு செய்யும்போதே கேளுங்கள்.

போக விரும்புவோருக்குச் சில குறிப்புகள்

"எந்த மாசம் போகலாம்?" என்று கேட்காமல், "அந்த மாசம் மழை எங்கே?" என்று பயண நிறுவனத்தைக் கேளுங்கள். குட்டிகளைப் பார்க்க பிப்ரவரியில் தெற்கு. ஆற்றைக் கடப்பதைப் பார்க்க ஆகஸ்டில் வடக்கு. மழை முன்பின் ஆனால் மந்தையும் முன்பின் ஆகும்.

கோரங்கோரோ பள்ளத்தை விடாதீர்கள். 600 மீட்டர் ஆழம், சுமார் 260 சதுர கிலோமீட்டர் தரை. உடைந்து உள்வாங்கிய எரிமலை வாய் அது. காண்டாமிருகம் பார்க்க நல்ல இடம். செங்குத்துச் சரிவு என்பதால் ஒட்டகச்சிவிங்கி மட்டும் உள்ளே கிடையாது. மேல் விளிம்பில் குளிர் நடுக்கும், ஸ்வெட்டர் அவசியம்.

கருநீலம், கறுப்பு உடைகளைத் தவிர்க்கவும். கடிக்கும் செட்சி ஈ அந்த நிறங்களைத் தேடி வரும். கென்யா வழியாகச் சென்றால் மஞ்சள் காய்ச்சல் ஊசியைப் பத்து நாளுக்கு முன்பே போட்டுச் சான்றிதழைக் கையோடு வைத்திருங்கள்; திரும்பி வரும்போது நம் விமான நிலையத்தில் கேட்பார்கள். மலேரியா மாத்திரை பற்றி மருத்துவரைக் கேளுங்கள். பிளாஸ்டிக் பைகளுக்கு டான்சானியாவில் 2019 முதல் தடை. புளிசாதப் பொட்டலத்தைத் துணிப்பையில் கட்டுங்கள். அருஷா நகரில் நல்ல சைவச் சாப்பாடு கிடைக்கிறது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். சிறுத்தை வகையான சீட்டா கண்ணில் பட்டால், "இன்னும் கிட்டப் போங்க" என்று ஓட்டுநரை அவசரப்படுத்தாதீர்கள். மாசாய் மாராவில் நடந்து 2018இல் வெளியான ஆய்வின்படி, பயணிகள் குறைவான பகுதியில் ஒரு தாய் ஓர் ஈற்றில் சராசரியாக இரண்டுக்கும் மேற்பட்ட குட்டிகளை வளர்த்து ஆளாக்குகிறது. பயணிகள் மொய்க்கும் பகுதியில் ஐந்து ஈற்றுக்கு ஒரு குட்டிதான் தேறுகிறது. சுற்றி இருபது வண்டி நின்றால் அது எப்படி வேட்டையாடும்? ஓட்டுநர் தயங்குவதும் கிட்டப் போவதும் பெரும்பாலும் பின்னால் உட்கார்ந்திருக்கும் நம் வாயில்தான் இருக்கிறது. தள்ளி நிறுத்தச் சொல்லி, இன்ஜினை அணைக்கச் சொல்லுங்கள். அரைமணி நேரம் அப்படி இருந்தால், வண்டிச் சத்தத்தில் கேட்காதது ஒன்று கேட்கும்: ஆயிரக்கணக்கான வாய்கள் புல்லைப் பறித்து மெல்லும் ஓசை.