“அங்கே உனக்குத் தெரிந்தவர் யார்?”

தொழில் தேடும் பிள்ளைகளைக் கண்டால் நம் பெரியவர்கள், “என்ன படித்திருக்கிறாய்?” என்று கேட்பதோடு நிறுத்துவதில்லை. “அங்கே உனக்குத் தெரிந்தவர் யார்?” என்றும் கேட்பார்கள். கசப்பாயினும் இது உண்மையான கேள்வி. திறமையிருந்தும், அதை எடுத்துச் சொல்ல ஒருவர் இல்லாமையால் வீட்டுக்குள் முடங்கிய பெண் பிள்ளைகள் எத்தனை பேர்!

யாழ்ப்பாணத்து முஸ்லிம்களுக்கு இக்கேள்வி இன்னும் வலிக்கும். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, இரண்டு மணி நேர அவகாசத்தில் அவர்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். வீடும் கடையும் நகையும் மட்டுமா போயின? ஆசிரியர், அயலவர், வாடிக்கையாளர் என்று தலைமுறைகளாக வளர்த்த அறிமுகமும் அன்றோடு அறுந்தது. 2009இல் யுத்தம் முடிந்த பின், ஒரு பகுதியினரே சோனகத் தெருப் பக்கம் திரும்பி வந்தார்கள்.

அப்படித் திரும்பிய குடும்பமொன்றின் மகள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படிக்கிறார். பயிற்சிக்கு இடம் தேட வேண்டிய நேரம். லிங்க்ட்இன் என்ற இணையத்தளத்தில் பெயர் பதியும்படி விரிவுரையாளர் சொன்னார். வாப்பா மறுத்துவிட்டார். “குமர்ப் பிள்ளையின் பெயரும் படமும் ஊருலகமெல்லாம் தெரிய வேண்டுமா?” மார்க்கம் என்ன சொல்கிறது என்று கேட்டு, உம்மா மகளை அழைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“மௌலவி, இதில் படிப்பு, தொழில், அனுபவம்தான் எழுதுவது. அரட்டைக்கு அல்ல” என்றார் மகள்.

அது என்ன?

2003இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்ட தளம் இது. 2016இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் இதை வாங்கியது. பெயர் பதியக் கட்டணமில்லை. நமக்குத் தெரிந்தவர், அவருக்குத் தெரிந்தவர் என்று தொடர் நீள்கிறது. நெருங்கிய உறவினரைவிடத் தூரத்து அறிமுகங்கள் மூலமே பலருக்குத் தொழில் பற்றிய புதிய செய்தி கிடைக்கிறது என்பதை, 1973இல் மார்க் கிரனோவெட்டர் என்ற சமூகவியல் அறிஞர் எடுத்துக்காட்டினார். நெருங்கியவருக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததுதானே!

நமக்குப் புதியதா?

ஹதீஸ் கலையில் அறிவிப்பாளர் வரலாறு என்று ஒரு தனித்துறை உண்டு. இவர் யாரிடம் கற்றார்? எந்த ஊருக்குப் பயணித்தார்? உண்மையாளரா? இவருக்குச் சாட்சி சொல்பவர் யார்? அனைத்தையும் நம் இமாம்கள் எழுதி வைத்தார்கள். முகமறியாத ஒருவரை எந்த அளவு நம்பலாம் என்பதை அதைக்கொண்டே முடிவு செய்தார்கள்.

பெண்களை அவர்கள் விட்டுவிடவில்லை. ஹிஜ்ரி 902இல் காலமான இமாம் ஸகாவி (ரஹ்) தம் நூற்றாண்டினரின் வரலாற்றைப் பன்னிரண்டு பாகங்களில் எழுதினார்கள். அதன் கடைசிப் பாகம் முழுவதும் பெண்களுக்குரியது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் அதில் இடம்பெறுகிறார்கள். கற்ற பெண்ணின் பெயரும் ஆசிரியரும் அறியப்படுவது ஹயாவுக்கு இழுக்கென்று அவர்கள் கருதவில்லை.

இதை வாப்பாவிடம் எடுத்துச் சொன்னேன். படம் போடுவதில்லை, தொலைபேசி இலக்கமும் வீட்டு முகவரியும் எழுதுவதில்லை என்ற நிபந்தனைகளோடு அவர் இணங்கினார்.

மகள் கற்றுக்கொண்டது

ஆரம்பத்தில் ஒரு வரியும் எழுதாமல் அறுபது பேருக்கு இணைப்பு வேண்டுகோள் அனுப்பினார். பதிலளித்தவர் எவருமில்லை. முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு, ஸலாமும் சொல்லாமல் நிற்பது போன்றது அது. பிறகு “நான் யார், எங்கே படிக்கிறேன், ஏன் எழுதுகிறேன்” என்று மூன்றே வரிகள் சேர்த்து அனுப்பினார். அறுவர் பதிலெழுதினர்.

தோழியின் பக்கத்தைப் பார்த்து, கணக்கு மென்பொருளில் “மிகுந்த தேர்ச்சி” என்று எழுதியிருந்தார். பொய்ச்சாட்சி பெரும்பாவங்களில் ஒன்றென நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நினைவூட்டினேன். நம்மைப் பற்றி நாமே எழுதுவதும் சாட்சிதானே! “பழகி வருகிறேன்” என்று திருத்தினார்.

இனிமையாகப் பேசி, சொந்த விடயம் கேட்ட ஒருவரை உடனே தடை செய்தார். கொழும்பில் கணக்காளராக இருக்கும் சகோதரி ஒருவர், தம் பெற்றோரும் சோனகத் தெருவினரே என்று பதில் எழுதினார். விண்ணப்பத்தைத் திருத்திக் கொடுத்ததோடு, யாழ் நகரிலேயே பயிற்சியளிக்கும் கணக்காய்வு நிறுவனமொன்றையும் காட்டினார். நேர்முகத் தேர்வில் பிள்ளையைக் கணினி முன் அமர்த்தினார்கள். எழுதியதும் கைவேலையும் ஒத்திருந்தன. இடம் கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ்!

தாய்மாரே!

மகள் பெயர் பதிவதாயின் அருகிலிருந்து பாருங்கள். தொழில் தருவதாகச் சொல்லி முற்பணமோ கடவுச்சீட்டுப் பிரதியோ கேட்பவரை நம்ப வேண்டாம். வெளிநாட்டு வேலையென்றால், அந்த முகவர் இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்தவரா என்று விசாரியுங்கள். தனிமையில் உரையாட அழைப்பவருக்குப் பதில் தேவையில்லை.

மனிதரைச் சமூகங்களாகவும் கோத்திரங்களாகவும் படைத்தது ஒருவரையொருவர் அறிவதற்கே என்பது அல்ஹுஜுராத் அத்தியாயம் தரும் போதனை. அறுந்துபோன அறிமுகத்தை உண்மையோடும் ஒழுக்கத்தோடும் நம் பிள்ளைகள் மீண்டும் முடியட்டும். நாளை இன்னொரு பிள்ளை கதவைத் தட்டும்போது, அவர்களே “தெரிந்தவராக” நின்று உதவ அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.