நாணயத்தால் தட்டிப் பாருங்கள்

பிள்ளைகள் பாய்மரம் பழகும் ஆப்டிமிஸ்ட் படகு 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை. 1947-இல் அமெரிக்காவில் கிளார்க் மில்ஸ் என்பவர் ஒட்டுப்பலகையில் வடிவமைத்தது. இப்போது வருவதெல்லாம் பெரும்பாலும் ஃபைபர். அணியம், அதாவது முன்முனை, கூராக இல்லாமல் பெட்டிபோல் மூலைகளோடு தட்டையாக நிற்கும். கட்டிய கயிறு தளர்ந்த இரவில் துறைச் சுவரில் இடி வாங்குவது அந்த மூலைதான். காலையில் போய்ப் பார்த்தால் வெள்ளைப் பூச்சு ஒரு ரூபாய் அளவுக்குப் பெயர்ந்திருக்கும், சுற்றிலும் மயிரிழை வெடிப்பு. புட்டி வைத்து அடைத்துவிடலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

டீயைக் குடியுங்கள், சொல்கிறேன். பளபளக்கும் அந்த வெள்ளைப் பூச்சு, ஜெல்கோட், ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். படகைத் தாங்குவது அதற்கு அடியில் ரெசினில் ஊறி இறுகிய கண்ணாடி இழை. வெளியே இடித்தால் உடல் உள்ளே குழிந்து திரும்பும். அப்போது இழுபட்டு அறுவது உட்பக்க இழை. அதனால் வெளியே ஒரு ரூபாய் அளவென்றால் உள்ளே உள்ளங்கை அளவு இருக்கலாம். மண்பானை வாங்கும்போது தட்டிப் பார்ப்போமே, அதுபோல நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். ஓசை பொத்தென்று மாறும் இடத்தில் இழை அடுக்கு பிரிந்திருக்கிறது. பென்சிலால் வட்டம் போடுங்கள். வேலை அந்த வட்டம் முழுவதும்.

நல்ல தண்ணீரில் உப்பைக் கழுவி நன்றாகக் காயவிடுங்கள். பிறகு அசிட்டோன் துணியால் பழைய மெழுகைத் துடைத்த பின்தான் உப்புத்தாள். மாற்றிச் செய்தால் மெழுகு கீறல்களுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பிரிந்ததைத் தேய்த்து எடுத்தபின் விளிம்பைச் சரிவாக்க வேண்டும். இங்கேதான் பலரும் கஞ்சத்தனம் காட்டுகிறார்கள். கனத்தைப்போல் 12 மடங்கு சரிவு என்பது கணக்கு. உடல் 3 மி.மீ. என்றால் ஓட்டையைச் சுற்றி 36 மி.மீ.; 5 செ.மீ. ஓட்டை 12 செ.மீ. ஒட்டாகிவிடும். நல்ல படகை ஏன் தேய்க்க வேண்டும் என்று கை கூசும். ஆனால் ஒட்டு நிற்பது பிடிக்கும் பரப்பால்தான். செங்குத்தாக வெட்டிய ஓட்டையில் வைத்தது அடுத்த இடியில் பாட்டில் மூடிபோல் கழன்றுவிடும்.

450 கிராம் கண்ணாடி இழை மேட் ஓர் அடுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர். ஆக மூன்று அடுக்கு. பாலியஸ்டர் ரெசின் 100 கிராமுக்கு, அதை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட் ஒன்று முதல் இரண்டு கிராம். சென்னை வெயிலில் ஒன்றே போதும். கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ஒரே டப்பாவில் நிறையக் கலந்துவிட்டு டீ குடிக்கப் போனால், வருவதற்குள் கட்டியாகிக் கையைச் சுடும். கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, பாதுகாப்புக் கண்ணாடி போடுங்கள். இறுகுவதை விரைவாக்கும் கோபால்ட்டைத் தனியாக வாங்கியிருந்தால் அதையும் கேட்டலிஸ்டையும் நேராகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும்.

கடைசிப் பூச்சு ஜெல்கோட். காற்றுப் பட்டால் மேற்பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும். மெழுகுக் கரைசல் கலந்த ஜெல்கோட் வாங்குங்கள், அல்லது மேலே பிளாஸ்டிக் தாள் ஒட்டுங்கள். இறுகியதும் 220, 400, 600 என்று தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பழைய வழுவழுப்பு வந்துவிடும்.

மறுபடி இடி வாங்காமலிருக்கத் துறைச் சுவரில் தொங்கவிட, காசிமேட்டு மீன்பிடிப் படகுகள்போலப் பழைய டயர் போதும். சாக்கு சுற்றிக் கட்டுங்கள்; இல்லையென்றால் இவ்வளவு தேய்த்த வெள்ளையில் கறுப்புத் தடம் விழும்.