சோழிக் கணக்கும் வகைநுண்கணிதமும்

1825 மே 31 இரவு ஒரு சந்திர கிரகணம். புதுச்சேரியில் பஞ்சாங்கம் கணிக்கும் ஒருவர் அதன் நேரத்தை ஜான் வாரன் என்ற ஐரோப்பியருக்குக் கணித்துக் காட்டினார். ஏடும் எழுத்தாணியும் இல்லை. தரையில் சோழிகளை வைத்தார், நகர்த்தினார். அட்டவணைகள் எல்லாம் வாக்கியங்களாக மனப்பாடம். சாமி நாடன் சஷியா என்று அவர் பெயரைக் குறித்த வாரன், கோட்பாடு அவருக்குத் தெரியாது, நினைவாற்றலோ அபாரம் என்கிறார். கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடமே; முடிவில் 52 நிமிடம்.

52 நிமிடத்தைப் பார்த்து யாரும் இளக்காரமாக நினைக்க வேண்டாம். வெள்ளிக்கோள் சூரியனைக் கடப்பதைக் காணப் புதுச்சேரி வந்து, 1769-இல் மேகம் மறைத்ததால் ஏமாந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜான்தி, தமிழரிடம் இதே முறையைக் கற்றவர். அவர் ஒப்பிட்ட 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் நீடித்த நேரத்தைத் தமிழ்க் கணக்கு 41 விநாடி குறைத்துச் சொன்னது. ஐரோப்பா மெச்சிய டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 விநாடி கூட்டிச் சொன்னது.

சோழிகள் செய்ததும் இயக்கவியல்தான். சந்திரன் நாளுக்குச் சராசரி 13 பாகை நகர்கிறது. பூமியின் நிழல் சூரியனோடு சேர்ந்து 1 பாகை. வித்தியாசம் 12. இன்று புதுச்சேரி லாஸ்பேட்டையில் பிளஸ் ஒன் மாணவி இதைச் சார்புத் திசைவேகம் என்று படிக்கிறாள். நிழலின் மையத்திலிருந்து சந்திரன் விலகிப்போகும் அளவைப் பஞ்சாங்கக்காரர்கள் வர்க்கம், வர்க்கமூலம் வழியாகக் கணக்கில் சேர்த்தார்கள். அவள் வெக்டரைக் கூறுகளாகப் பிரிக்கிறாள்.

மாறியது எது? சந்திரனின் நேற்றைய இடத்துக்கும் இன்றைய இடத்துக்குமான வித்தியாசத்தை 60 நாழிகைக்குச் சமமாகப் பங்கிட்டது வாக்கிய முறை. வகைநுண்கணிதம் அந்த இடைவெளியைச் சுழியை நோக்கிச் சுருக்கி, அந்தக் கணத்தின் வேகத்தையே தருகிறது. அதைவிடப் பெரிது, நிலவு ஏன் ஒருநாள் 12 பாகையும் வேறொரு நாள் 15 பாகையும் போகிறது என்ற கேள்விக்கு விடை கிடைத்ததுதான். ஈர்ப்பு முடுக்கத்தைத் தொகையிட்டால் திசைவேகம், மீண்டும் தொகையிட்டால் பாதை. சந்திரனின் இடத்தைச் சொல்லும் 248 வாக்கியங்களை இனி யாரும் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

வருத்தம் வேறு. ஆற்றைக் கடக்கும் படகையும் எறிந்த பந்தையும் வைத்தே கணக்குப் போடும் பிள்ளைகள், தங்கள் ஊர் போட்ட இந்தக் கணக்கைக் கேள்விப்பட்டதே இல்லை. புதுச்சேரி இயற்பியல் ஆசிரியர்களே, அடுத்த சந்திர கிரகணத்தின் நேரத்தை உங்கள் மாணவர்களையே கணிக்கச் சொல்லுங்கள். அன்றிரவு கடற்கரையில் கடிகாரத்தோடு நின்று சரிபார்க்கச் சொல்லுங்கள்.