முதல் கேள்விக்கு மனப்பாடம் போதும், இரண்டாவது கேள்விக்கு?

மும்பையின் மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ., செம்பூரில் விவேகானந்த் கல்விச் சங்கத்தின் பொறியியல் கல்லூரி, சயானில் எஸ்.ஐ.இ.எஸ். என நம் வட்டாரக் கல்லூரிகளிலிருந்தே ஆண்டுதோறும் ஏராளமான பிள்ளைகள் சாப்ட்வேர் வேலைக்கான நேர்காணலுக்குப் போகிறார்கள். தாராவியிலிருந்து பி.எஸ்சி. ஐ.டி. முடித்து, குடும்பத்தின் முதல் பட்டதாரியாகப் போகிறவர்களும் அவர்களில் உண்டு. அவர்களும் பெற்றோரும் எழுப்பும் சந்தேகங்களுக்கு இங்கே விளக்கம்.

வழக்கமாகக் கேட்கும் கேள்விகள் விடையோடு கிடைக்கின்றன. அவற்றை நெட்டுருப் போட்டால் போதாதா?

முதல் கேள்வியைத் தாண்டலாம். நேர்காணல் செய்பவரும் அதே பட்டியலைப் படித்தவர்தான். சொன்னது புரிந்து சொன்னதா, மனப்பாடமா என்று பார்க்கத்தான் அடுத்த கேள்வியை வைத்திருக்கிறார்.

புதியவர்களிடம் அடிக்கடி கேட்பது இது: எண்கள் கொண்ட ஒரு பட்டியலில் இரண்டாவது பெரிய எண்ணைக் கண்டுபிடிக்க வேண்டும். ஏறுவரிசையில் அடுக்கி, கடைசிக்கு முந்தையதை எடுத்தால் ஆயிற்று என்று பலரும் மளமளவென்று எழுதிவிடுவார்கள். “எண்கள் 3, 5, 5 என்று இருந்தால்?” என்பார் எதிரில் இருப்பவர். நிரல் 5 என்று சொல்லும்; அவர் எதிர்பார்ப்பது 3 ஆக இருக்கலாம். “ஒரே ஓர் எண்தான் இருந்தால்?” நிரல் அங்கேயே விழுந்துவிடும். “அடுக்காமல், ஒரே சுற்றில் முடிக்கலாமா?” விடையை மட்டும் படித்தவர் இங்கே திணறிப்போவார். எனவே எழுதத் தொடங்கும் முன், “எண்கள் திரும்ப வரலாமா சார்? பட்டியல் காலியாக இருக்குமா?” என்று கேட்டுவிடுங்கள். அப்படிக் கேட்பதால் மதிப்புக் கூடுமே தவிரக் குறையாது.

சின்ன நிரல்தானே என்று நினைக்க வேண்டாம். அடுக்கிய பட்டியலை நடுவில் பிரித்துப் பிரித்துத் தேடும் பைனரி சர்ச், பாடப்புத்தகத்தின் ஆரம்பப் பக்கங்களில் வருவது. ஜாவா மொழியோடு வந்த அந்த நிரலில் ஒரு பிழை ஏறக்குறைய ஒன்பது ஆண்டுகள் யார் கண்ணிலும் படாமல் இருந்தது. நடு இடத்தைக் கண்டுபிடிக்க இரண்டு எண்களைக் கூட்டும்போது கூட்டுத்தொகை 214 கோடியைத் தாண்டினால், விடை எதிர்மறை எண்ணாகிவிடும். 2006-இல் இதை ஊரறியச் சொன்ன ஜோஷுவா பிளாக்தான் அந்த நிரலை ஜாவாவுக்கு எழுதியவரும்.

“உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்றால் என்ன சொல்வது?

அப்பா பெயர், சொந்த ஊர், பொழுதுபோக்கு எதுவும் வேண்டாம். என்ன படித்தீர்கள், எதை உருவாக்கினீர்கள், இந்த வேலை ஏன் வேண்டும், இவ்வளவுதான். ஒன்றரை நிமிடத்தில் முடியட்டும். எதைச் சொல்கிறீர்களோ அதிலிருந்துதான் அடுத்த கேள்வி வரும். அரைகுறையாகத் தெரிந்ததை இங்கே வாயைவிட்டுச் சொல்லாதீர்கள்.

காசு கொடுத்து வாங்கிய ப்ராஜெக்டைக் காட்டலாமா?

கூடாது. நூலக மேலாண்மை, மருத்துவமனை மேலாண்மை என்று கடையில் கிடைப்பதைப் பார்த்துப் பார்த்து நேர்காணல் செய்பவர்களுக்கு அலுத்துப்போயிருக்கும். அக்கம்பக்கத்தில் இருப்பதை எடுங்கள். தாராவியில் விடியற்காலையில் இட்லி அவித்து நகரமெங்கும் கொண்டுபோய் விற்கிறவர்களிடம் கடன் கணக்கு இருக்கும். யார் எத்தனை தட்டு வாங்கினார், எவ்வளவு பாக்கி என்று குறித்துக்கொள்ள ஒரு சிறிய செயலி செய்ததாக வைத்துக்கொள்வோம். கேள்விகள் இப்படி வரும்: ஒரே வாடிக்கையாளரின் பணத்தை இரண்டு பேர் ஒரே நேரத்தில் பதிந்தால் பாக்கி தப்பாகாதா? நெட் இல்லாத இடத்தில் பதிந்தது எங்கே போகும்? அதே பதிவு இரண்டு முறை ஏறாமல் எப்படித் தடுத்தீர்கள்? பத்தாயிரம் பேர் சேர்ந்தால் தேடல் மெதுவாகுமே, என்ன செய்வீர்கள்?

டிரான்சாக்‌ஷன், யூனிக் கீ, இண்டெக்ஸ் எல்லாம் இந்த நாலு கேள்விக்குள் வந்துவிடுகின்றன. சொந்தமாகச் செய்து, ஓரிடத்தில் சிக்கி, சரிசெய்தவர் இவற்றுக்குக் கதைபோல் பதில் சொல்லுவார். செய்யாமல் விட்டது இருந்தால், “அதை இன்னும் செய்யவில்லை, செய்வதானால் இப்படிச் செய்வேன்” என்றால் போதும். எந்தப் பயிற்சி மையத்துக்குக் கட்டும் பணத்தைவிடவும் இப்படி ஒரு சிறிய வேலையை முழுதாகச் செய்து முடிப்பதுதான் பிள்ளைகளுக்கு நல்லது என்று உறுதியாகச் சொல்வேன்.

இங்கிலீஷ் சரளமாக வரவில்லை.

மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவர்களை அதிகம் வாட்டுவது இந்தப் பயம்தான். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, கடையில் மராத்தி என்று வளர்ந்த பிள்ளைக்கு மொழித் திறன் குறைவு என்று யாரும் சொல்ல முடியாது. குறைவது பழக்கம். சின்னச் சின்ன வாக்கியமாகப் பேசுங்கள். நிரல் எழுதும்போது மனத்தில் ஓடுவதை வாய்விட்டு இங்கிலீஷில் சொல்லிப் பழகுங்கள். நண்பரை எதிரில் உட்காரவைத்து ஒத்திகை பாருங்கள். இன்று பல நிறுவனங்கள் கோடிங் தேர்வு நடத்தும் ஹேக்கர்ரேங்க், திருச்சி என்.ஐ.டி.யில் படித்த விவேக் ரவிசங்கரும் ஹரி கருணாநிதியும் தொடங்கியது. மாணவர்களுக்கு ஒத்திகை நேர்காணல் நடத்துவதுதான் அவர்கள் முதலில் எடுத்த வேலை.

கே.டி. (ஒரு பாடத்தில் தோல்வி) விழுந்திருக்கிறது, ஓர் ஆண்டு இடைவெளியும் இருக்கிறது. மறைக்கலாமா?

மறைக்கவே கூடாது. சேர்ந்த பிறகும் சான்றிதழ் சரிபார்ப்பு நடக்கும். பொய் தெரிந்தால் வேலை போய்விடும். பத்தாவது, பன்னிரண்டாவது, பட்டம் மூன்றிலும் 60 சதவீதம் கேட்கும் நிறுவனங்கள் உண்டு, கேட்காதவையும் உண்டு. விண்ணப்பிக்கும் முன்பே பார்த்துவிடுங்கள். ஜோஹோ பள்ளிப் படிப்பு முடித்தவர்களையே எடுத்துப் பயிற்சி கொடுக்கிறது. இடைவெளிக்குக் காரணம் வீட்டுச் சூழல் என்றால் ஒரே வரியில் சொல்லிவிட்டு, அந்தக் காலத்தில் என்ன கற்றீர்கள் என்பதற்குப் போய்விடுங்கள்.

பத்துக்குப் பத்து வீடு. கேமரா முன் ஆன்லைன் தேர்வு எப்படி எழுதுவது?

நியாயமான கவலை. பின்னால் தம்பி நடந்தாலும், பக்கத்து வீட்டு டி.வி. கேட்டாலும் கண்காணிக்கும் மென்பொருள் அதை முறைகேடாகக் குறித்துக்கொள்ளலாம். கல்லூரி லேபைக் கேட்டு வாங்குங்கள். கல்லூரி மறுத்தால் விடாமல் கேளுங்கள். அப்யாசிகாவில் (பொதுப் படிப்பறையில்) வாய்திறந்து பேச முடியாது என்பதால் எழுத்துத் தேர்வுக்கு மட்டும்தான் அது சரிப்படும். வேறு வழியில்லை என்றால், “வீட்டில் இன்னும் சிலர் இருக்கிறார்கள்” என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள்.

ஏ.ஐ.யிடம் கேட்டுப் பதில் சொன்னால் என்ன?

திருட்டுத்தனமாகச் செய்தால் அடுத்த கேள்வியிலேயே அகப்பட்டுவிடுவீர்கள். நேர்காணலில் ஒரு சுற்றாவது நேரில் நடத்தப்போவதாக கூகுளின் சுந்தர் பிச்சை 2025 ஜூனில் சொன்னார். அதே மாதம் கான்வா நிறுவனமோ, விண்ணப்பதாரர்கள் ஏ.ஐ. கருவிகளைப் பயன்படுத்துவதையே எதிர்பார்ப்பதாக அறிவித்தது. எனவே அனுமதி உண்டா என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.

தாராவி முகவரியைப் போடலாமா? கல்யாணம் எப்போது என்று பெண்களிடம் கேட்டால்?

தாராளமாகப் போடுங்கள். பெரிய நிறுவனங்கள் இருக்கும் பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸ் தாராவிக்கு அடுத்தாற்போல்தான் இருக்கிறது. கல்யாணக் கேள்விக்கு வருவோம்: வேலைக்கு எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு கூடாது என்று 1976-லேயே சட்டம் வந்துவிட்டது. “வேலைக்கும் அதற்கும் தொடர்பில்லை சார், வேலையை முழுதாகச் செய்வேன்” என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். திரும்பத் திரும்ப அதையே கேட்கும் இடம், சேர்ந்த பிறகு எப்படி நடத்தும் என்பதையும் யோசியுங்கள்.

சம்பளம், பாண்ட்?

சி.டி.சி. (நிறுவனம் உங்களுக்காக ஆண்டுக்குச் செலவிடும் மொத்தத் தொகை) 3.6 லட்சம் என்றால் மாதம் முப்பதாயிரம் கைக்கு வராது. நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு, கிராஜுவிட்டி எல்லாம் பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும். உங்கள் பி.எஃப். பிடித்தமும், மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்கு 2,500 ரூபாய் வரை தொழில்வரியும் போக மிச்சம்தான் கையில். “கைக்கு எவ்வளவு வரும்?” என்று கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

பாண்ட் செல்லாது என்று யாரோ சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். மூன்று ஆண்டு முடியும் முன் விலகியவர் 2 லட்சம் தர வேண்டும் என்ற விஜயா வங்கியின் நிபந்தனை செல்லும் என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொதுத்துறை வங்கியின் நிலையைக் கணக்கில் எடுத்த தீர்ப்பு அது. தனியார் பாண்டை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டு முடிவெடுங்கள். அசல் மதிப்பெண் பட்டியலை யாரிடமும் ஒப்படைக்காதீர்கள்.

பதிவுக் கட்டணம், லேப்டாப் டெபாசிட், பயிற்சிக் கட்டணம் என்று வேலைக்கு முன் பணம் கேட்டால் அது மோசடி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். கட்டிவிட்டீர்கள் என்றால், வீட்டில் திட்டுவார்களே என்று நாளைக் கடத்தாமல் அந்த நிமிடமே சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழைத்துப் புகார் பதியுங்கள்.