குன்றத்தூரிலிருந்து குடந்தைக்கு: இரண்டு நாள் ரயில் பயணத்தில் உங்கள் உரிமைகள்

குன்றத்தூர் சேக்கிழார் பிறந்த ஊர். கும்பகோணத்தை அடுத்த திருநாகேஸ்வரத்தில் மனம் தோய்ந்த அவர், அதே பெயரில் தம் ஊரிலும் ஒரு கோயில் எழுப்பினார் என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்தக் கோயிலை வட திருநாகேஸ்வரம் என்றே இன்றும் சொல்கிறோம். அவர் பாடிய அடியார்களின் கதைகள் கல்லில் நிற்கும் இடம் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் கட்டிய ஐராவதேசுவரர் கோயிலின் கருவறைச் சுவரடியில், நாயன்மார் வரலாறு சின்னச் சின்னச் சிற்பங்களாக வரிசையாக ஓடுகிறது. குனிந்து பார்க்காதவர் கண்ணில் படாத அளவுக்குச் சிறியவை. பெயர்களையும் கல்லில் பொறித்து வைத்திருக்கிறார்கள். அதனால் குன்றத்தூர்க் குடும்பம் ஒன்று வார இறுதியில் ரயிலேறி, திருநாகேஸ்வரத்தில் வழிபட்டு, தாராசுரமும் தஞ்சைப் பெரிய கோயிலும் பார்த்துத் திரும்ப நினைப்பது இயல்பான ஆசை. தஞ்சைக் கோயில் 1987-லும் தாராசுரமும் கங்கைகொண்ட சோழபுரமும் 2004-லும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றன. சிக்கல், இந்தப் பயணம் குறுகியது என்பதில் இருக்கிறது. பத்து நாள் யாத்திரையில் அரை நாள் வீணானால் தாங்கிக்கொள்ளலாம். இரண்டு நாள் பயணத்தில் ரயில் நான்கு மணி நேரம் தாமதமானால் ஒரு கோயில் போய்விடும். லாட்ஜுக்கும் வண்டிக்கும் கொடுத்த அட்வான்ஸும் கேள்விக்குள்ளாகும். சட்டம் இதற்கெல்லாம் ஓரளவு பரிகாரம் வைத்திருக்கிறது. ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு பரிகாரமும் ஒரு கெடுவையும் ஒரு சான்றையும் கேட்கிறது. எந்தெந்தக் கோயில் என்று முடிவு செய்வதற்கு முன்பே அந்தக் கெடுக்களைத் தெரிந்துகொண்டு திட்டம் போட வேண்டும் என்பதே இங்கு நான் சொல்ல வருவது.

முதலில் கிழமை. திருநாகேஸ்வரத்தில் ராகு பகவானுக்கு ராகுகாலத்தில் நடக்கும் பாலபிஷேகத்தைப் பார்க்கவே பலர் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலை நாலரை முதல் ஆறு வரை. கூட்டம் நெரிவதும் அப்போதுதான். அதே இரவு ஊர் திரும்பும் ரயில்களில்தான் இடமும் கிடைக்காது. சனிக்கிழமை ராகுகாலம் காலை ஒன்பது முதல் பத்தரை வரை. வெள்ளி இரவு தாம்பரத்தில் உழவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் விடியலுக்குள் கும்பகோணம் போய்விடலாம். குளித்து முடித்துச் சனிக்கிழமை காலையிலேயே அபிஷேகம் பார்த்துவிட்டால், மதியம் சன்னிதிகள் நடை சாத்தும் வேளை ஓய்வுக்கு ஆகும்; மாலை முழுவதும் தாராசுரத்துக்கு. ஞாயிறு காலை தஞ்சை. இப்படிப் போட்டால், போகும் ரயில் மூன்று மணி நேரம் தாமதமானாலும் சனிக்கிழமை காலை வழிபாடு மட்டுமே தவறும். அதையும் மறுநாள் மாலைக்குத் தள்ளிப்போட வழி இருக்கும். ஒரே நாளில் ஒன்பது நவக்கிரகத் தலங்களையும் பார்த்துவிட வேண்டும் என்பவர்களுக்கு, கும்பகோணத்திலிருந்து அரசுப் போக்குவரத்துக் கழகம் 2024-இல் 750 ரூபாய்க் கட்டணத்தில் தொடங்கிய சிறப்புப் பேருந்து இருக்கிறது. அது இயங்கும் நாளையும் இன்றைய கட்டணத்தையும் கேட்டுக்கொண்டு பதிவு செய்யலாம். ஆனால் அதைத் தேர்ந்தெடுத்தால் தாராசுரத்தை அன்று மறந்துவிட வேண்டும். இரண்டையும் ஒரே பகலில் திணிக்கும் திட்டத்தில் எந்தத் தாமதத்துக்கும் இடமில்லை.

அடுத்தது டிக்கெட். 2024 நவம்பர் 1 முதல் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்திருக்கிறது. குன்றத்தூரில் ரயில் நிலையம் இல்லை. நமக்குத் தாம்பரம்தான் வாசல். இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். எழும்பூரிலிருந்து டிக்கெட் போட்டுவிட்டு, ‘வழியில்தானே இருக்கிறது’ என்று தாம்பரத்தில் ஏறுகிறார்கள். ஏறும் நிலையத்தில் ஆள் வரவில்லை என்று டிக்கெட் பரிசோதகர் தம் கருவியில் குறித்துவிட்டால், அந்த பெர்த் ஆர்.ஏ.சி.யில் காத்திருப்பவருக்குப் போய்விடலாம். அதனால் டிக்கெட் போடும்போதே ஏறுமிடம் தாம்பரம் என்று குறிப்பிடுங்கள். ஏறுமிடத்தைப் பிறகு மாற்றவும் வசதி உண்டு. ஆனால் மாற்றியபின் பழைய நிலையத்தில் ஏறும் உரிமை கிடையாது. இன்னொரு தவறான நம்பிக்கையும் இருக்கிறது: தஞ்சாவூர் வரை ஒரே டிக்கெட்டாக எடுத்து, நடுவில் கும்பகோணத்தில் இறங்கிப் பார்த்துவிட்டு அதே டிக்கெட்டில் தொடரலாம் என்பது. வழியில் இறங்கித் தொடரும் சலுகை 500 கிலோமீட்டருக்கு மேற்பட்ட டிக்கெட்டுக்குத்தான். தஞ்சாவூர் அதற்கு வெகு முன்பே வந்துவிடும். எனவே கும்பகோணம் வரை ஒரு டிக்கெட், தஞ்சாவூரிலிருந்து திரும்ப ஒரு டிக்கெட் என்று போடுவதே சரி. இடையில் உள்ள தூரத்துக்குப் பேருந்தோ பாசஞ்சர் ரயிலோ போதும். வெயிட்டிங் லிஸ்ட் இ-டிக்கெட் சார்ட் தயாரான பிறகும் உறுதியாகவில்லை என்றால் தானாக ரத்தாகிப் பணம் திரும்பும். அதை வைத்துக்கொண்டு ரயிலேறினால் டிக்கெட் இல்லாதவராகவே கருதப்படுவீர்கள். அந்த இரவில் கைகொடுப்பது கிளாம்பாக்கம் பேருந்து நிலையம்தான். வெளிவட்டச் சாலை வழியாக குன்றத்தூரிலிருந்து எளிதில் போகலாம். குழந்தைகளோடும் முதியவர்களோடும் போகிறவர்கள் இந்த மாற்றுவழியை முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

‘இதெல்லாம் நமக்கெதற்கு, ஏஜென்ட் பார்த்துக்கொள்வார்’ என்று கேட்கலாம். பெரியவர்களுக்கு ஆன்லைன் பதிவு கடினம் என்பது உண்மை. அங்கீகாரம் பெற்ற முகவரிடம் போவதில் தவறும் இல்லை. ஆனால் தம் சொந்த ஐடியில் டிக்கெட் போட்டுக் கூடுதல் விலைக்கு விற்பவர் வேறு ரகம். அங்கீகாரம் இல்லாமல் டிக்கெட் வாங்கி விற்கும் தொழில், ரயில்வே சட்டத்தின் 143-ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். இ-டிக்கெட்டுக்கும் இந்தப் பிரிவு பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2025 ஜனவரியில் தெளிவாக்கிவிட்டது. அப்படிப்பட்ட ஐடி முடக்கப்பட்டால் உங்கள் டிக்கெட்டும் சிக்கலாகும். ரத்துசெய்த பணமும் உங்களுக்கு வராமல் அந்த ஐடியின் கணக்குக்குத்தான் திரும்பும். தட்கலில் இன்னும் கவனம் தேவை. ஏ.சி. வகுப்புக்கு முந்தின நாள் காலை பத்து மணிக்கும் மற்ற வகுப்புக்குப் பதினொரு மணிக்கும் தட்கல் திறக்கிறது. 2025 ஜூலை முதல் ஆன்லைன் தட்கலுக்கு ஆதார் சரிபார்ப்பு கட்டாயம். முதல் அரை மணி நேரம் முகவர்களுக்கு அனுமதி இல்லை. ‘பத்து மணிக்கே போட்டுத் தருகிறேன்’ என்று வெளியாள் சொன்னால் அந்த வாக்குறுதியையே சந்தேகிக்க வேண்டும். உறுதியான தட்கல் டிக்கெட்டை நீங்களாக ரத்துசெய்தால் பணம் திரும்பாது என்பதும் நினைவில் இருக்கட்டும். ஆன்லைன் வராதவர்களுக்குத் தாம்பரம் ரிசர்வேஷன் கவுண்ட்டர் இருக்கிறது. 45 வயது நிறைந்த பெண்களுக்கும் மூத்த குடிமக்களுக்கும் இடமிருந்தால் லோயர் பெர்த் தானாகவே ஒதுக்கப்படும். ஆனால் மூத்த குடிமக்களின் கட்டணச் சலுகை 2020 மார்ச்சோடு நின்றுவிட்டது. அதைக் காட்டிப் பணம் கேட்பவர் ஏமாற்றுகிறார். குடும்பத்தில் ஒருவர் கிளம்ப முடியாமல் போனால், ரயில் கிளம்ப 24 மணி நேரம் முன்பு எழுதிக் கொடுத்து, பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகள், கணவன் அல்லது மனைவி பெயருக்கு உறுதியான டிக்கெட்டை மாற்றலாம். அறிந்தவர் மிகக் குறைவு என்பதால் பல குடும்பங்கள் வீணாக ரத்துக் கட்டணம் கட்டுகின்றன.

ரயில் தாமதமானால் என்ன செய்வது? நீங்கள் ஏறும் நிலையத்துக்கு ரயில் மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதமாக வரும் நிலையில் பயணத்தையே கைவிட்டால், தட்கல் உட்பட முழுத் தொகையும் திரும்பப் பெறலாம். ஆனால் அந்த ரயில் உங்கள் நிலையத்தைவிட்டு உண்மையில் கிளம்புவதற்குள் டி.டி.ஆர். என்ற பணத்திருப்பக் கோரிக்கையைப் பதிவு செய்திருக்க வேண்டும். வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்து மறுநாள் பதிவு செய்தால் கெடு தாண்டிவிடும். கையிலிருக்கும் போனில் ஐந்து நிமிட வேலை இது. நடைமேடையிலேயே முடிக்க வேண்டியதும் கூட. ஏ.சி. பெட்டியில் ஏ.சி. ஓடவில்லை என்றால் கட்டண வித்தியாசத்தைக் கேட்கலாம். அதற்கு இறங்கியதிலிருந்து 20 மணி நேரம்தான். வழியிலேயே ரயில்வே உதவி எண்ணான 139-க்குப் புகார் கொடுத்துப் புகார் எண் வாங்கிவைப்பது பின்னால் சான்றாகும். தாமதத்தால் வந்த பிற நட்டத்துக்கும் ரயில்வே பொறுப்பேற்க வேண்டி வரலாம். ஜம்மு போன ரயில் நான்கு மணி நேரம் தாமதமாகி விமானத்தைத் தவறவிட்ட குடும்பத்துக்கு 30,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற உத்தரவை, 2021 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. தாமதத்துக்குக் காரணம் தன் கட்டுப்பாட்டில் இல்லை என்று ரயில்வே மெய்ப்பிக்க வேண்டும் என்றும் சொன்னது. ஆனால் இப்படிக் கேட்க, நட்டத்தைக் காட்டும் சான்று கையில் இருக்க வேண்டும். லாட்ஜுக்கும் வண்டிக்கும் ரசீதில்லாமல் அட்வான்ஸ் கொடுத்தவர் தம் நட்டத்தை மெய்ப்பிப்பது கடினம்.

உடைமைகள் விஷயத்தில் சட்டம் பயணியின் பக்கம் அவ்வளவாக இல்லை. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. கோயிலுக்குப் போகிறோம் என்று நகை அணிந்து போவது நம் வழக்கம். ரயில்வே சட்டத்தின் 100-ஆம் பிரிவின்படி, பதிவுசெய்து ஒப்படைக்காத சாமான் தொலைந்தால், ஊழியரின் அலட்சியத்தை மெய்ப்பித்தாலொழிய ரயில்வே பொறுப்பாகாது. ஒருவர் இடுப்பில் கட்டியிருந்த ஒரு லட்ச ரூபாய் திருடுபோன வழக்கில், அது சேவைக் குறைபாடு ஆகாது என்று 2023 ஜூனில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே நகையை வீட்டில் விட்டுப் போவதுதான் உண்மையான பாதுகாப்பு. திருட்டு நடந்துவிட்டால் ஓடும் ரயிலிலேயே பரிசோதகரிடம் படிவம் வாங்கி ரயில்வே போலீசுக்குப் புகார் எழுதலாம். இறங்கி அலைய வேண்டியதில்லை. முன்பதிவுப் பெட்டியில் டிக்கெட் இல்லாதவர்கள் ஏறியிருந்தால், திருட்டு நடப்பதற்கு முன்பே 139-இல் சொல்லிவையுங்கள். ஊழியரின் அலட்சியத்தை மெய்ப்பிக்க அந்தப் பதிவு உதவும்.

‘தனித்தனியாகப் போட்டு அலைவதைவிட டூர் பேக்கேஜ் நிம்மதி’ என்ற எண்ணத்துக்கும் பதில் வேண்டும். பேக்கேஜில் நன்மை உண்டு. ரயில், தங்குமிடம், வண்டி எல்லாவற்றுக்கும் ஒருவரே பொறுப்பு. ஆனால் அந்தப் பொறுப்பு எழுத்தில் இருந்தால்தான் செல்லும். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலை, மதுரை ரயில்வே யார்டில் நின்றிருந்த சுற்றுலாப் பெட்டியில் தீப்பிடித்து ஒன்பது பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து யாத்திரை வந்தவர்கள் அவர்கள். தனியார் குழு எடுத்த அந்தப் பெட்டிக்குள் தடையை மீறிச் சமையல் எரிவாயு சிலிண்டர் ஏற்றப்பட்டிருந்தது. சூடான டீயும் வீட்டுச் சமையல் போன்ற சாப்பாடும் பயணிகளை ஈர்க்கும் விளம்பரமாக இருக்கலாம். ரயில் பெட்டிக்குள் அடுப்பு மூட்டுவது உயிருக்கு உலை. அப்படியொரு பெட்டியில் சிலிண்டரைப் பார்த்தால் அமைப்பாளரின் முகத்துக்காகச் சும்மா இருக்காதீர்கள், உடனே 139-ஐ அழையுங்கள். முன்பணம் கட்டும் முன், போகும் இடங்கள், தங்குமிடத்தின் பெயர், ரத்து விதி, டிக்கெட் யார் பெயரில் என்ற நான்கையும் எழுத்தில் கேளுங்கள். கோயில் விடுதி என்ற பெயரில் இணையத்தில் போலித் தளங்கள் திரிவதால், பணம் அனுப்பும் முன் கோயில் அலுவலகத்தில் விசாரித்துக்கொள்ள வேண்டும். பணம் போய்விட்டது தெரிந்ததும் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைத்தால், பணம் கைமாறும் முன் வங்கி முடக்கிவைக்க வாய்ப்புண்டு; ஒரு நாள் தாமதித்தால் அது அரிது.

விபத்தைப் பற்றிப் பேசுவது அபசகுனம் என்று கோயில் பயணத்தில் பலர் தவிர்க்கிறார்கள். இ-டிக்கெட்டில் பயண இன்சூரன்ஸ் ஒருவருக்கு 45 பைசாதான். இறப்புக்கும் முழு ஊனத்துக்கும் பத்து லட்ச ரூபாய். அதற்கான கட்டத்தைத் தொட்டால் மட்டும் போதாது. பிறகு வரும் இணைப்பில் வாரிசுதாரர் பெயரைப் பதிந்தால்தான் குடும்பம் அலையாமல் இருக்கும். இது தவிர, ரயில் விபத்திலோ ஓடும் ரயிலிலிருந்து தவறி விழுந்தோ இறந்தால் ரயில்வே சட்டப்படி எட்டு லட்ச ரூபாய் இழப்பீடு உண்டு. சென்னையில் உள்ள ரயில்வே உரிமைகோரல் தீர்ப்பாயத்தில் ஓராண்டுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். உடலோடு டிக்கெட் கிடைக்கவில்லை என்பதால் மட்டும் உரிமை அற்றுப்போகாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் கூறியிருக்கிறது.

கடைசியாக எழும் ஆட்சேபம்: ‘சில நூறு ரூபாய்க்காக யார் கோர்ட்டுக்கு அலைவது?’ 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு இந்தக் கேள்வியின் பலம் பெரிதும் குறைந்துவிட்டது. தஞ்சையிலோ கும்பகோணத்திலோ நடந்த குறைபாட்டுக்கு நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே வழக்கிடலாம். கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் வைப்பதும் கட்டாயமில்லை. இணையவழியாகவே மனு அளிக்கலாம். முதல் படியாக 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொன்னாலே சில நிறுவனங்கள் பணத்தைத் திருப்பித் தந்துவிடுகின்றன. வழக்குக்குக் கெடு இரண்டு ஆண்டுகள். அதுவரை டிக்கெட்டின் குறுஞ்செய்தி, 139-இன் புகார் எண், டி.டி.ஆர். எண், லாட்ஜ் ரசீது, வண்டிக்காரருக்கு அனுப்பிய பணத்தின் பதிவு ஆகியவற்றை ஒரே இடத்தில் வைத்திருங்கள். பழைய போனை மாற்றும்போது இவை அழிந்துபோகாமல் வேறொரு போனுக்கும் ஒரு பிரதி அனுப்பி வைத்துவிடுங்கள்.