நஞ்சாகாத அளவு

'அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு' என்பது நம் நாட்டார் வழங்கும் முதுமொழி. அதனைத் தலைகீழாகத் திருப்பி, 'நஞ்சும் எவ்வளவு குறையின் நஞ்சாகாது?' என்று வினவினால் யாது விடை வரும்? கதிரியக்கப் பொருள்களைக் குறித்து உலக நாடுகள் இவ்வினாவை எழுப்பி, விடையை எண்களாகக் கண்டு, விதிகளில் எழுதி வைத்துள்ளன. அவ்வெண்களின் கருத்தை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

பௌதிகம் பயிலும் எம் விடுதித் தோழர் ஒருவர், ஆய்வுக்கூடத்தில் தாம் கையாண்ட சிறு வில்லை ஒன்றைப் பற்றி ஒருநாள் எம்மிடம் கூறினார். காசளவினதாகிய அதன்மேல், அது கோபால்ட்டு-60 என்பதும், அதன் வன்மை 37,000 பெக்கரல் என்பதும் குறிக்கப்பட்டிருந்தனவாம். "இதனை வைத்திருக்க அரசின் உரிமம் வேண்டாவோ?" என்று யாம் வினவினோம். "வேண்டா, இது விலக்களவிற்கு உட்பட்டது" என்றார் அவர். அவ்விடையே இக்கட்டுரைக்கு வித்தாயிற்று. தமிழ் பயிலும் யாம் இத்துறையிற் புகுவது சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயின், 'சிறிது' என்னும் ஒரு சொல்லுக்குப் பொருள் வரையறுக்கும் முயற்சியே இங்கு நடைபெறுவது. சொல்லின் பொருளை ஆராய்தல் எமக்குரிய தொழிலன்றோ!

'சிறிதும் கூடாது' என்று அடியோடு தடுத்துவிடலாகாதோ எனச் சிலர் கேட்பர். அஃது இயலாது. தாம்பரத்திலிருந்து மின்சார வண்டியிற் செல்வோர் திரிசூலத்திலும் பல்லாவரத்திலும் காணும் குன்றுகளின் கற்களில் பொட்டாசியமும், மிகச் சிறிதளவு யுரேனியமும் தோரியமும் உள்ளன. நாம் உண்ணும் வாழைப்பழத்திலும் பொட்டாசியம் உண்டு. பொட்டாசியத்தின் ஒரு சிறு பகுதி இயல்பாகவே கதிரியக்கம் உடையது. அதனால் வளர்ந்த மனிதர் ஒருவரின் உடலில் வினாடிதோறும் ஏறத்தாழ 4,000 அணுக்கள் சிதைந்து கதிர் வீசுகின்றன. சட்டம் சிறிதையும் பொறாதாயின், நாம் ஒவ்வொருவரும் உரிமம் பெற்றே வகுப்பறையுள் நுழைதல் வேண்டும்!

ஆதலின் ஓர் எல்லை வேண்டும். அவ்வெல்லையை எதனால் அளப்பது? எடையால் அளத்தல் பயன்படாது. ஒரு பொருளில் வினாடிக்கு எத்துணை அணுக்கள் சிதைகின்றன என்பதே அதன் வன்மைக்கு அளவுகோல். வினாடிக்கு ஒன்று சிதையின் அது ஒரு பெக்கரல். 1896ஆம் ஆண்டில் கதிரியக்கத்தைக் கண்டறிந்த பிரெஞ்சு அறிஞர் என்றி பெக்கரலின் பெயர் அது. அதற்கு முந்தைய அளவையாகிய கியூரி, ஒரு கிராம் ரேடியத்தின் வன்மையை அடியாகக் கொண்டது. 3,700 கோடி பெக்கரல் கொண்டது. தோழர் கூறிய வில்லையின் 37,000 பெக்கரல், அந்தக் கியூரியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கேயாம்.

சர்வதேச அணுசக்தி முகமை தன் அடிப்படைப் பாதுகாப்பு நெறிகளை 1996இல் வெளியிட்டது. 2014இல் அவற்றைப் புதுப்பித்தது. அவற்றுள் ஒவ்வொரு கதிரியக்கப் பொருளுக்கும் தனித்தனி விலக்களவு தரப்பட்டுள்ளது. கோபால்ட்டு-60க்கு ஓர் இலட்சம் பெக்கரல். பொட்டாசியம்-40க்குப் பத்து இலட்சம். இவற்றை எடையாக மாற்றிக் காண்பார்க்கு வியப்பே மிகும். பொட்டாசியத்தின் எல்லையை எட்ட, இயற்கைப் பொட்டாசியம் ஏறத்தாழ 32 கிலோகிராம் வேண்டும். கலப்பற்ற கோபால்ட்டு-60க்கோ, ஒரு கிராமை நூறு கோடிப் பங்காக்கினால் அவற்றுள் இரண்டரைப் பங்கே போதும். பொற்கொல்லர் நிறுக்கும் குன்றிமணியளவு கோபால்ட்டு-60 இருப்பின், அது விலக்களவைப் போல் ஏறத்தாழ ஐந்து கோடி மடங்காகும். கண்ணுக்குச் சிறியதெல்லாம் சட்டத்திற்குச் சிறியதன்று என்பது இதனால் விளங்கும்.

பெக்கரல் ஒன்றாயினும் தீமை ஒன்றன்று. ட்ரிட்டியத்தின் விலக்களவு நூறு கோடி பெக்கரல், அமெரிசியம்-241க்குப் பதினாயிரமே. முன்னதன் கதிர் நம் தோலையும் ஊடுருவ வலியற்றது. பின்னது தூசியாய் மூச்சுடன் உட்புகின், எலும்பிலும் ஈரலிலும் நெடுங்காலம் தங்கித் தீமை செய்யும். சீசியம்-137க்கும் எல்லை பதினாயிரமே. ஆதலின் அதே 37,000 பெக்கரல் சீசியமாக இருந்திருப்பின், அவ்வில்லை எல்லையை மூன்று மடங்கிற்கு மேல் கடந்திருக்கும்.

இவ்வெண்களை அறிஞர் எவ்வாறு கண்டனர்? பொருளைக் கையாள்பவர், அது சிந்தினால் துடைப்பவர், அது குப்பையிற் சேர்ந்தால் அவ்விடத்திற்கு வருபவர் எனப் பலரையும் மனத்தில் நிறுத்திக் கணக்கிட்டனர். அவர்களுள் எவரும் ஓராண்டில் ஏறத்தாழ 10 மைக்ரோ சீவர்ட்டுக்கு மேல் கதிர் ஏற்கலாகாது என்பதே அடிப்படை. உலக மக்கள் இயற்கையிலிருந்து ஆண்டுதோறும் ஏற்பது சராசரி 2,400 மைக்ரோ சீவர்ட் ஆகும். ஆகவே விலக்களவினால் வரக்கூடியது, இயற்கை ஒன்றரை நாளில் நமக்குத் தருவதற்கு ஒப்பாகும். எனினும் இவ்வெல்லை இயற்கை கீறிய கோடன்று. மாந்தர் ஆய்ந்து வகுத்தது. அமெரிக்க நாட்டின் பட்டியல் வேறு. அங்குக் கோபால்ட்டுக்கு 37,000 பெக்கரலும், சீசியத்திற்கு அதனினும் பத்து மடங்கும் எல்லையாக உள்ளன.

இனி 'விலக்கு' என்னும் சொல்லை நோக்குவோம். அது உரிமம் முதலிய கட்டுப்பாடுகளிலிருந்து பெறும் விலக்கு. எச்சரிக்கையிலிருந்து பெறும் விலக்கன்று. ஒரு வில்லை எல்லைக்கு உட்பட்டது. அத்தகைய மூன்றை ஓரிடத்தில் வைப்பின் 1,11,000 பெக்கரலாகி எல்லை கடந்துவிடும். வெவ்வேறு பொருள்கள் சேர்ந்திருப்பின், ஒவ்வொன்றும் தன் எல்லையில் எத்தனை பங்கு என்று கண்டு கூட்டுதல் வேண்டும். கூட்டுத்தொகை ஒன்றை மிஞ்சலாகாது. இதனை உணராமையால் விளைந்ததற்கு ஒரு சான்று உண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் 1994ஆம் ஆண்டளவில் ஒரு பள்ளி மாணவன், புகையறி கருவிகளிலிருந்து அமெரிசியத்தையும், விளக்கு வலைகளிலிருந்து தோரியத்தையும் திரட்டித் தன் தாயின் தோட்டக் கொட்டகையிற் குவித்தான். கடைகளில் எவரும் வாங்கத்தக்க பண்டங்களே அவை. முடிவில் 1995இல் அரசினர் வந்து அக்கொட்டகையைப் பிரித்து, கதிரியக்கக் கழிவாக அப்புறப்படுத்த நேர்ந்தது. சிறு துளி பெருவெள்ளம் என்பது தீமைக்கும் பொருந்தும்.

எல்லைக்கு மேற்பட்டவற்றின் செய்தி வேறு. 1954இல் தொடங்கிய அடையாற்றுப் புற்றுநோய் நிலையம் போன்ற மருத்துவமனைகளில் உயிர் காக்கும் கதிர்களும், நமக்குத் தெற்கே கல்பாக்கத்தில் மின்சாரம் தரும் அணு உலைகளும் அப்பெரும்பகுதியைச் சேர்ந்தவை. இவற்றைக் கண்காணிக்கவே 1983இல் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அமைக்கப்பட்டது. 2004இல் கதிர்ப் பாதுகாப்பு விதிகளும் வகுக்கப்பட்டன. சிறியவற்றை விலக்கிவிடுதலால், அதிகாரிகளின் கண் பெரியவற்றின்மேல் ஊன்றி நிற்கக் கூடும். விலக்களவின் உண்மைப் பயன் இதுவே.

அக்கண் தவறினால் என்னாகும்? டில்லிப் பல்கலைக்கழகத்து வேதியியல் துறையில் கோபால்ட்டு-60 அடங்கிய காமாக் கதிர்ப்பெட்டகம் ஒன்று இருந்தது. 1985க்குப் பின் அதனைப் பயன்படுத்துவார் இலர். 2010 பிப்ரவரியில் அது பழைய இரும்போடு ஏலத்தில் விற்கப்பட்டு, மாயாபுரிச் சந்தையை அடைந்தது. அங்கே உள்ளிருப்பது இன்னதென்று அறியாத தொழிலாளர் அதனை உடைத்தனர். ஒருவர் அதன் துண்டொன்றைத் தம் பணப்பையிலும் வைத்திருந்தார். ஏப்ரலில் பலர் நோயுற்றனர். ஒருவர் உயிர் நீத்தார். கோபால்ட்டு-60 ஐந்தேகால் ஆண்டுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவது. அந்த 25 ஆண்டுகளில் அது 27இல் ஒரு பங்காகத் தேய்ந்திருக்கும். தேய்ந்தும் அஃது உயிர் கொள்ளப் போதுமானதாயிற்று. பொருளின் வன்மை தேய்வதினும் விரைவாக மாந்தர் நினைவு தேய்ந்துவிட்டது! இங்கே பிழைத்தது எண்ணன்று, ஏடு. இன்னது இவ்விடத்தில் உள்ளது என்று எழுதி, அடுத்தவர் கையில் ஒப்படைக்கும் கடமை தவறியது.

கற்றோர் நிறைந்த ஓர் இடத்திலிருந்து புறப்பட்ட தீங்கு, கல்லாத ஏழைத் தொழிலாளரைச் சென்று தாக்கியது என்பதை மாணவராகிய நாம் மறத்தலாகாது. நம் தோழர் தம் வில்லையை ஈயப் பெட்டியில் வைத்து மூடி, பதிவேட்டில் நாளும் பெயரும் எழுதிய பின்னரே அறைக்குத் திரும்பினாராம். விலக்கு உடைய பொருளுக்கு இத்துணைச் சடங்கு எதற்கு என்று யாம் நகைத்தோம். இன்று நகைக்க மாட்டோம். சிறியதற்குக் கணக்கெழுதப் பழகிய கையே பெரியதையும் மறவாது காக்கும்.